மொட்டை மாடியிலிருந்து எத்தனை அடி?

புனேயின் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் கையில் இப்போது ட்ரோன் இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் குடியிருப்பின் மொட்டை மாடியில் வைத்துக் கிளப்புகிறார்கள். மழைக்காலத்தில் மாண், மாருஞ்சிப் பக்கத்துக் குன்றுகள் பச்சைப் பசேல் என்று நிற்கையில் மேலே போய்ப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் இந்த ஊரைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பறக்கவிட வேண்டும்.

கிழக்கே சுமார் 19 கிலோமீட்டரில் லோஹேகாவ் விமான நிலையம். அது விமானப்படைத் தளம். சுகோய் போர் விமானமும் நாம் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற விமானமும் ஒரே ஓடுதளத்தில்தான் ஏறி இறங்குகின்றன. வடக்கே தேஹு ரோடு ராணுவப் பகுதி. தென்கிழக்கே பாஷாணில் பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகங்கள். தெற்கே கடக்வாஸ்லாவில் தேசிய பாதுகாப்பு அகாடமி.

இத்தகைய தளங்களுக்கு ட்ரோனால் ஆபத்து வந்ததும் உண்டு. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன் மூலம் குண்டு போட்டார்கள். அதற்கு இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 25 அன்று, ட்ரோன் விதிகள் வந்தன. எல்லாவற்றையும் இழுத்து மூடாமல், பறக்கும் இடத்தைத் தெளிவாகக் கோடு போட்டுக் காட்டிய விதிகள் அவை. அடுத்த மாதமே அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வான்வெளி வரைபடமும் வந்தது. அதில் பச்சைப் பகுதியில் 120 மீட்டர், அதாவது 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. விமான நிலையச் சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் 60 மீட்டருக்கு மேல் போனாலே மஞ்சள்தான்.

இந்த எண்களுக்குப் பின்னால் எளிய கணக்கு உண்டு. பயணிகள் விமானம் பொதுவாக 3 டிகிரிச் சரிவில் இறங்கும். தரை தொட ஒரு கிலோமீட்டர் இருக்கையில் அதன் உயரம் 52 மீட்டர்தான். நம் ட்ரோன் பறக்கிற உயரம். 8 கிலோமீட்டரில் சுமார் 420 மீட்டர், 12-இல் 630 மீட்டர். அங்கே 60 மீட்டரில் பறக்கும் ட்ரோனுக்கும் விமானத்துக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறது. ஹெலிகாப்டரோ இந்தச் சரிவுக்குக் கட்டுப்பட்டதில்லை. எங்கேயும் தாழப் பறக்கும்.

பலர் தவறுவது உயரத்தில். ட்ரோனுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதை வைத்து அது உயரத்தைக் கணக்கிடுகிறது. எங்கிருந்து? கிளம்பிய இடத்திலிருந்து. 22 மாடிக் கட்டடத்தின் உச்சியில் வைத்தாலும் திரையில் 0 மீட்டர் என்றே காட்டும். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் அது ஏற்கெனவே 66 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. திரையில் 120 வரும்போது தரையிலிருந்து அதன் உயரம் 186 மீட்டர். விதி பார்ப்பது தரையிலிருந்து உள்ள உயரத்தை. விதிக்குள் பறக்கிறோம் என்று மனதார நம்பிக்கொண்டே மீறுகிறோம்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயின்போது ஒருவர் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து, தீயைப் பார்க்க ட்ரோனை அனுப்பினார். இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போனது, கண்ணிலிருந்தும் மறைந்தது. கடலில் நீரை அள்ளித் தீயில் ஊற்றிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. விமானி பத்திரமாக இறங்கிவிட்டார். ஆனால் ஊர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் பழுதுபார்க்க ஓரங்கட்டப்பட்டது. பறவை என்றால் சதையும் இறகும். ட்ரோனில் இருப்பது மோட்டாரும் பேட்டரியும். மோதினால் உலோகத் தகட்டையும் கிழிக்கும்.

தடைப் பகுதிக்குப் போனால் ட்ரோன் தானே நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தை அறிந்து, நினைவகத்திலுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு மோட்டாரைத் தடுக்கும் மென்பொருள் வேலி உண்மையிலேயே உண்டு. ஆனால் ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனமே 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தத் தடையை எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டத் தொடங்கியது. மேலும், யாரோ வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கருவிக்கு நம் நாட்டு வரைபடம் தெரியும் என்று எப்படி நம்புவது? வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே 2022 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது.

2 கிலோ வரையுள்ள ட்ரோனைத் தொழிலுக்கு அல்லாமல் பறக்கவிட விமானிச் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் சிவப்பும் மஞ்சளும் எல்லா எடைக்கும் பொது. ஏதாவது விழா, முக்கியப் பிரமுகர் வருகை என்றால் பச்சை இடமும் சில நாட்களுக்குச் சிவப்பாகும். அதனால் போன வாரம் பார்த்த வரைபடம் இந்த வாரத்துக்கு உதவாது.

இனி ஒவ்வொரு முறை கிளப்பும் முன்பும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பிறகு லிஃப்டில் கீழே இறங்கி, ஆள் இல்லாத ஒரு திடலுக்குப் போய், தரையில் வைத்துக் கிளப்புங்கள்.