கிளிக் செய்யும்போது ஃபிலிம் கேமராவின் வ்யூஃபைண்டர் ஏன் இருட்டாகிறது?

1980-இல் வந்த நிக்கான் எஃப்3 போன்ற எஸ்.எல்.ஆர். ஃபிலிம் கேமராவில் லென்ஸ் ஒன்றுதான். அதில் வரும் வெளிச்சம் கண்ணுக்கும் வேண்டும், ஃபிலிமுக்கும் வேண்டும். என்ன வழி?

வயலில் மடை மாற்றும் அதே வேலைதான். லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்ந்திருக்கும் கண்ணாடிதான் மடை. அது வெளிச்சத்தை மேலே பட்டகத்துக்குத் திருப்ப, காட்சி நேராகத் தெரிகிறது.

பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே மடங்கிக் கண்ணின் வழியை அடைக்கிறது. உடனே ஷட்டரின் முதல் திரை ஓட, இரண்டாவது அதைத் துரத்துகிறது. 1/2000 நொடி வேகத்தில் இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் கீற்று. அந்தக் கீற்றே ஃபிலிம் முழுவதையும் தடவிச் செல்கிறது. அழகான ஏற்பாடு! பிறகு கண்ணாடி தானே இறங்கிவிடும்.

1965-இல் வந்த கேனான் பெலிக்ஸில் கண்ணாடி அசையாது. வெளிச்சத்தில் ஒரு பங்கை ஊடுருவ விடும். இருட்டு இல்லை, ஆனால் ஃபிலிமுக்கு வெளிச்சம் குறையும்.