மேக்ரோ போட்டோ என்றால் என்ன?



செல்போனைப் பூவுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு படம் எடுத்துவிட்டு "மேக்ரோ எடுத்தேன்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டில் நடந்த ஒரு விஷயத்தால்தான் சரியான அர்த்தம் புரிந்தது.

போன மாசி மாதம் எங்கள் செடிகளில் நுனி இலைகள் சுருண்டு கொத்துக்கொத்தாக ஆகிவிட்டன. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அப்பா மருந்து வாங்கி வைத்துவிட்டார். "எதுக்கும் ஒரு போட்டோ எடு கண்ணு, விவசாய ஆபீஸ்ல காட்டிக் கேட்டுட்டு அடிக்கலாம்" என்றார். நான் நின்ற இடத்திலிருந்தே ஜூம் பண்ணி எடுத்துக் கொடுத்தேன். அங்கே பார்த்தவர், "வெறும் வெள்ளைத் திட்டாத்தான் தெரியுது. பூச்சி தெரியற மாதிரி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூம் வேறு, மேக்ரோ வேறு

புள்ளிக்கோலம் தெரியும் அல்லவா? ஐந்து புள்ளிக் கோலத்தை வாசல் முழுக்க இழுத்துப் போட்டாலும் புள்ளி ஐந்துதான். இடைவெளிதான் அதிகமாகும். செல்போன் திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவதும் அப்படித்தான். பூச்சி மேல் விழுந்த புள்ளிகள் கூடாது, படம் கலங்கும். பூச்சி மேல் அதிகப் புள்ளிகள் விழ வேண்டும் என்றால், எடுக்கும்போதே லென்ஸ் அதைப் பெரிதாகப் பிடிக்க வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று

கேமராவுக்குள் லென்ஸுக்குப் பின்னால் சென்சார் என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பழைய கேமராவில் அந்த இடத்தில் பிலிம் இருக்கும். நாம் எடுக்கும் பொருளின் பிம்பம் அதன் மேல்தான் விழுகிறது. 2 மில்லிமீட்டர் பூச்சியின் பிம்பம் சென்சாரிலும் 2 மில்லிமீட்டர் இருந்தால் அது 1:1. இதுதான் உண்மையான மேக்ரோ. 1 மில்லிமீட்டர்தான் விழுந்தது என்றால் 1:2, அதாவது பாதி. 1:10 முதல் 1:1 வரை உள்ளதைக் குளோஸ்-அப் என்பார்கள். 1:1-ஐத் தாண்டினாலும் மேக்ரோதான். பத்து மடங்குக்கு மேல் போனால் பொதுவாக அது மைக்ரோஸ்கோப் வேலை.

ஒன்றை மறக்க வேண்டாம். படத்தைப் பிளெக்ஸ் பேனர் அளவுக்குப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. சென்சாரில் விழுந்த அளவுதான் கணக்கு. சில லென்ஸ்களில் மேக்ரோ என்று எழுதியிருக்கும், ஆனால் 1:3 அல்லது 1:4 வரைதான் போகும். அதனால் எழுத்தை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

ஸ்கேல் சோதனை

ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள ஸ்கேலை முடிந்தவரை கிட்டே வைத்து, குறுக்காகப் படம் எடுங்கள். படத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுங்கள்.

சில பெரிய கேமராக்களின் சென்சார் அகலம் 36 மி.மீ. அவற்றில்,
36 மி.மீ. தெரிந்தால் 36 ÷ 36 = 1. முழு மேக்ரோ.
72 மி.மீ. தெரிந்தால் 36 ÷ 72 = அரை.
360 மி.மீ. தெரிந்தால் பத்தில் ஒன்று.

நான் எடுத்த படம்

அறிவியல் மிஸ்ஸிடம் கைலென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். செல்போன் லென்ஸ் மேல் ஒட்டிப் பிடித்து ஸ்கேலைப் பார்த்தேன். வெறும் செல்போனில் 60 மி.மீ. தெரிந்த இடத்தில் இப்போது 12 மி.மீ. மட்டும் தெரிந்தது. செல்போன் சென்சார் ரொம்பச் சிறியது. அகலம் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 6 ÷ 12 = அரை. ஆக, கணக்குப்படி என் படம் முழு மேக்ரோ இல்லை, பாதிதான்! ஆனால் முன்பைவிட ஐந்து மடங்கு பெரிதாகப் பூச்சி தெரிந்தது.

அந்தப் படத்தில் மாவுக்கு அடியில் உடம்பு இளஞ்சிவப்பாக இருந்தது. பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாக இருக்கும். இது மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது 2020-ல் கேரளாவில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நம் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் பரவியது. இதை அழிக்க அனகைரஸ் லோபெசி என்ற மிகச் சின்னக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் நம் பக்கத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சி பழுப்பாக இறுகிப்போகும். கடைசியில் குளவி ஓட்டை போட்டு வெளியே வரும்.

என் படத்தில் பழுப்பு நிறத்தில் ஏழு பூச்சிகள் இருந்தன. நான்கில் வட்டமாக ஓட்டை! அப்பா மறுபடி ஆபீஸுக்குப் போய்க் காட்டினார். "குளவி வேலை செய்யுது. இப்ப மருந்தடிச்சா அதுவும் செத்துடும், நிறுத்தி வைங்க" என்றார்களாம். மருந்து டப்பா இன்னும் பிரிக்காமல் பரண் மேல் இருக்கிறது.

நீங்களும் எடுக்க

1. காலை நேரத்தில், காற்று இல்லாதபோது எடுங்கள்.
2. இவ்வளவு கிட்டே போனால் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும்தான் தெளிவாக இருக்கும். அதனால் செல்போனை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.
3. முழங்கையை எதன் மேலாவது ஊன்றிக்கொள்ளுங்கள்.
4. பத்துப் படம் எடுத்தால் ஒன்று நன்றாக வரும். சலிக்காதீர்கள்.
5. பூச்சிக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

இனிமேல் யாராவது "மேக்ரோ எடுத்தேன்" என்று சொன்னால், "எத்தனை மில்லிமீட்டர் தெரியுது?" என்று கேளுங்கள். உங்கள் காட்டில் பழுப்புப் பூச்சி தெரிந்தால் வீட்டிலும் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி