எட்டும் எண்பதும்

மோட்டார் சைக்கிள் ஓட்டுரிமம் வேண்டுமென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் "எட்டு" போட்டுக் காட்ட வேண்டும் என்பதை நாமறிவோம். தரையில் வரைந்த கோட்டின்மேல் காலை ஊன்றாமல் வளைந்து வளைந்து வந்துவிட்டால் உரிமம் கைக்கு வந்துவிடும். மெதுவாகச் செல்லும்போது வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளத் தெரியுமா என்பதைத்தான் அந்த எட்டு சோதிக்கிறது. அதற்கு மேல் எதையும் சோதிப்பதில்லை. ஆனால் உரிமம் வந்த மறுவாரமே நம்மில் பலர் கரூர்ப் பக்கம் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலோ, பெருந்துறைப் பக்கம் 544ஆம் எண் சாலையிலோ ஏறி எண்பதைத் தொட்டுவிடுகிறோம். எட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே யாரும் சொல்லித்தராத பாடம் ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு வழிச் சாலையில் முதன்முதலாக ஏறுகிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டாவது இயல்பே. நம் தாராபுரம்–காங்கயம் சாலையில் எதிரே பேருந்து வந்தால் நெஞ்சு படபடக்கும். அங்கோ நடுவில் தடுப்பு, எதிர்ப்படுவோர் யாருமில்லை, சாலை நேராக நீண்டு கிடக்கிறது. "இதைவிடப் பாதுகாப்பு ஏது?" என்று தோன்றும். இதில் பாதி உண்மை. நடுத்தடுப்பு நேருக்கு நேர் மோதல்களைப் பெரிதும் குறைக்கிறது. மற்றப் பாதிதான் நம்மை ஏமாற்றுகிறது.

இயற்பியலில் சார்பு வேகம் என்று படிக்கிறோம் அல்லவா? நான்கு வழிச் சாலையின் ஆபத்து அதில்தான் அடங்கியிருக்கிறது. அதே சாலையில் கார் 100இல் போகிறது. சரக்கு லாரி 60இல் போகிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர் 20இல் போகிறது. பழுதான லாரி ஓரத்தில் விளக்கின்றி நிற்கிறது. போதாக்குறைக்கு, அரை கிலோமீட்டர் சுற்றிவரச் சோம்பல்பட்ட ஒருவர் எதிர்த்திசையில் 40இல் நம்மை நோக்கி வருகிறார். நாம் 80இல் போனால் அவரும் நாமும் நெருங்கும் வேகம் 120. நொடிக்கு 33 மீட்டர். நூறு மீட்டர் தொலைவில் அவரைக் கண்டால் நம் கையில் இருப்பது மூன்றே நொடி. எல்லோரும் ஒரே வேகத்தில் போகும் சாலை எவ்வளவு வேகமானதாயினும் அவ்வளவு கொடிதன்று. நம் நெடுஞ்சாலை அப்படிப்பட்டதல்ல.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். நம் வயதினர் எத்தனை வீடுகளில் மாலையிட்ட படமாகிவிட்டார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. அது ஊரறிந்த செய்தி.

இதனால்தான் சில சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை. மும்பை–புனே விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகள் ஏறக்கூடாது. பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்டு 1 முதல் தடை வந்தது. அவை அணுகுசாலையில்தான் போக வேண்டும். ஜப்பானில் விரைவுச்சாலையில் செல்ல எஞ்சின் 125 சிசிக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்ல 20 வயது நிரம்பி, உரிமம் பெற்று மூன்றாண்டுகளும் ஆகியிருக்க வேண்டும். நம் கொங்குச் சாலைகளிலோ சுங்கச்சாவடியின் இடது ஓரத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். கட்டணமும் கிடையாது, கேள்வியும் கிடையாது. நூறு சிசி வண்டியில் இருவர் அமர்ந்து தாராளமாக நுழையலாம். கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன் பிரேக் என்னும் நண்பன்

தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை ஒன்று உண்டு: "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்." இதைப் போல் தீங்கு செய்த அறிவுரை வேறில்லை என்பது என் கருத்து. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரம் தரையில் அழுந்துகிறது. பின் சக்கரம் இலேசாகிறது. அழுந்திய சக்கரத்துக்கே உராய்வு அதிகம். ஆகவே வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் உள்ளது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் இலேசான சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று கொள்வோம். இரு பிரேக்குகளையும் நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவர், உலர்ந்த தார்ச்சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 21 மீட்டர் ஆகும். அறுபதில் 40 மீட்டர். எண்பதில் 63 மீட்டர். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு அதே எண்பதில் நூறு மீட்டரும் போதாது. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறோம்.

ஆனால் முன் பிரேக்கைச் சடாரென்று இழுக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவது போல முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தமாகவும் பிடிக்க வேண்டும். மணலிலும் வளைவிலும் இன்னும் மென்மை தேவை. இதை ஆளில்லாத ஒரு மைதானத்தில் முப்பதிலும் நாற்பதிலும் ஐம்பது முறையாவது பழகிய பிறகே நெடுஞ்சாலையை நினைக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் நாம் ஓட்டுவது பெரும்பாலும் அண்ணனோ சித்தப்பாவோ ஓட்டித் தந்த பழைய வண்டியல்லவா?

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்னும் ஆய்வாளர் தலைமையில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவே கற்றவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். முறையான பயிற்சி பெற்றவர் மிகச் சிலர். பலர் நெருக்கடியில் பின் சக்கரத்தை வழுக்கவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் போயிருந்தார்கள். நம் ஊரில் இதே கணக்கை எடுத்தால் அந்த 92 நூறாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

காற்று

இது நம் பகுதிக்கே உரிய பாடம். ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தாராபுரம், உடுமலை, காங்கயம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆடி முடியும்வரை ஓயாது. கரூரிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலை வடக்கு தெற்காக அமைந்தது. தெற்கே போகும்போது இக்காற்று வலப்புறமிருந்து அடித்து நம்மைச் சாலையோர மண்ணை நோக்கித் தள்ளும். வடக்கே திரும்பி வரும்போது இடப்புறமிருந்து அடித்து, கார்கள் பறக்கும் வலது தடத்துக்குத் தள்ளும். ஆகவே திரும்பும் பயணமே கூடுதல் ஆபத்தானது.

லாரி ஒன்று காற்றை மறைத்தபடி பக்கத்தில் போகும்போது திடீரென்று அமைதியாகும். அதைத் தாண்டியவுடன் காற்று ஓங்கி அறையும். அறை வாங்குவோம் என்று முன்னமே தெரிந்திருந்தால் அது பெரிய செய்தியல்ல. தெரியாதவனோ பயந்து கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வான். இறுகப் பற்றினால் வண்டி இன்னும் ஆடும். தோளைத் தளர்த்தி, பெட்ரோல் டேங்கை முழங்கால்களால் அணைத்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை இலேசாக முன்னே அழுத்த வேண்டும். வேகத்தில் செல்லும் இருசக்கர வண்டியின் விந்தை இதுதான்: வலது கைப்பிடியை முன்னே தள்ளினால் அது வலப்பக்கம் சாய்ந்து வலப்பக்கமே திரும்பும். மெதுவாக எட்டுப் போடும்போது இதை உணரவே முடியாது.

எங்கே போவது, எப்படித் தெரிவது

இடது தடமே நம் தடம். ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரப்பட்டையில் ஒடுங்கிப் போவது பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. மணலும், உடைந்த கண்ணாடியும், நிற்கும் லாரியும், எதிர்த்திசை அன்பரும் அங்கேதான் இருக்கிறார்கள். இடது தடத்தின் நடுவே, பின்னால் வருபவர் ஒரு வாகனமாக மதிக்கும்படி போக வேண்டும். முன்னே போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்களும் அக்கம்பத்தைத் தாண்டினால் மிக நெருங்கிவிட்டீர்கள். லாரி ஓட்டுநரின் முகம் அவருடைய கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லையென்றால் நாமும் அவருக்குத் தெரியவில்லை. அணுகுசாலையிலிருந்து ஏறும்போது கண்ணாடியோடு நிற்காமல் வலத்தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது உயிர் காக்கும் பழக்கம்.

வேகத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 80ஐ உச்சவரம்பாக வைத்தது. பலகையில் அதற்குக் குறைவாக இருந்தால் பலகையே சட்டம். புதியவருக்கு அறுபதே தாராளம். சிறிய வண்டி எண்பதில் போகும்போது அதன் பலம் முழுதும் செலவாகிவிடும். ஆபத்திலிருந்து விலகி ஓட மிச்சம் இராது. இன்னொன்று: ஒரு மணி நேரம் எண்பதில் போன கண்ணுக்கு அறுபது முப்பதாகத் தோன்றும். செங்கப்பள்ளியிலிருந்து ஆறு வழியில் பாய்ந்து வந்தவர்கள் நீலாம்பூரில், நெடுங்காலம் நடுத்தடுப்பின்றி இருவழியாகவே இருந்த கோவைப் புறவழிச் சாலையில் நுழைந்து அடைந்த துன்பங்கள் கொஞ்சமல்ல. சாலை சுருங்கும் இடத்தில் கண்ணை நம்பாமல் வேகமானியைப் பார்க்க வேண்டும்.

ஹெல்மெட்டைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதாக, பட்டை பூட்டியதாக, முழங்கையில் அல்லாமல் தலையில் இருந்தால் சரி. செருப்பைவிட ஷூ மேல். மாணவியர் துப்பட்டாவின் நுனியைக் கட்டிக்கொள்வது மிக முக்கியம்.

முதல் சில பயணங்கள் ஞாயிறு காலையில், பகல் வெளிச்சத்தில், பின்னால் ஆளின்றி இருபது முப்பது கிலோமீட்டர் இருந்தால் போதும். அந்தி மயங்கும் நேரத்தைத் தவிர்க்கலாம். மயில்கள் தாழப் பறந்து சாலையைக் கடப்பது அப்போதுதான். தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் நம் சாலைகளின் ஓரத்தில் இரவெல்லாம் நடந்து போவார்கள். கருத்த சாலையில் களைத்து நடக்கும் அவர்களுக்கு முதுகுப்பக்கம் கண் கிடையாது. அந்நாட்களில் இரவு ஓட்டம் வேண்டவே வேண்டாம்.

டயர் பஞ்சரானால் பிரேக்கை அழுத்தாமல், கைப்பிடியை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரைத் தளர்த்தி இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். வண்டியை ஓரப்பட்டைக்கும் வெளியே மண்ணில் தள்ளிவிட்டு, நாமும் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108. அடிபட்டவரைக் கண்டால் போலீஸ் கேஸ் என்று பயந்து ஒதுங்கத் தேவையில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைக் காக்கிறது. பெயர், முகவரி கூறும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். நீங்கள் அடிக்கடி போகும் வழியில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்று ஒருநாள் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.