ராக்மனினாஃபின் கான்செர்ட்டோவும் வாசிப்பவரின் காலப்பிரமாணமும்

செர்கேய் ராக்மனினாஃப் 1900-1901இல் எழுதிய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ பியானோவின் தனி ஒலியோடு தொடங்குகிறது. எட்டே பார்கள்தான், அதாவது எட்டுத் தாளச் சுற்றுகள். பல ஸ்வரங்களை ஒருசேர அழுத்தும் கார்ட் ஒன்று மெல்ல எழுகிறது. உடனே கீழ்க்கட்டைகளிலிருந்து ஓர் ஆழ்ந்த ஸ்வரம் பதில் சொல்கிறது. இதே அமைப்பு பாருக்குப் பார் திரும்ப, ஒலி ஏறிக்கொண்டே போகிறது. எட்டாவது பாரில் வேகம் சற்றுத் தளர்ந்ததும், தந்தி வாத்தியங்கள் முதன்மை மெட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வருகின்றன. ரஷ்ய தேவாலய மணியோசையைப் பலருக்கும் நினைவூட்டும் இந்த எட்டு பார்களைக் கேட்டாலே வாசிப்பவரின் போக்கு பாதி விளங்கிவிடும்.

ராக்மனினாஃப் 1929இல், லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோடு தாமே வாசித்துப் பதிவு செய்தார். அதில் தொடக்கக் கார்டுகள் எங்கும் தேங்காமல் நகர்கின்றன. முதல் பகுதி பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பியானோ கலைஞர் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர் 1959இல் வார்சாவில் செய்த பதிவில் அதே பகுதி பதினொரு நிமிடத்தைத் தாண்டுகிறது. அவர் ஒவ்வொரு கார்டையும் ஒலிக்கவிட்டு, அதன் அதிர்வு அடங்கத் தொடங்கும்போதுதான் அடுத்ததற்குப் போகிறார்.

இந்தத் தாமதத்துக்குக் கையின் அளவும் ஒரு காரணமாவதுண்டு. இடது கைக்கான கார்ட் எட்டு வெள்ளைக் கட்டைகளுக்கும் அப்பால் நீள்கிறது. கை எட்டாதவர்கள் கீழ் ஸ்வரத்தை முதலில் தட்டிவிட்டு மற்றவற்றைப் பிறகு எட்டிப் பிடிக்கிறார்கள். அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். ராக்மனினாஃபுக்கும் ரிக்டருக்கும் அசாதாரணமாக விரிந்த கைகள். ஆகவே ரிக்டரின் நிதானம் அவர் வேண்டுமென்றே தேர்ந்துகொண்டது.

மெட்டு வந்த பிறகு பியானோ கலைஞரின் நிலை மாறுகிறது. பாடுவது ஆர்க்கெஸ்ட்ரா, பியானோ அதற்கு அடியில் அலை அலையாகப் பின்னணி வாசிக்கிறது. இங்கே காலப்பிரமாணம் கண்டக்டரும் கலைஞரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. இரண்டாம் பகுதியில் மூன்றாவதாக ஒருவரும் சேர்கிறார். புல்லாங்குழலையடுத்து கிளாரினெட் ஒரு நீண்ட மெட்டை வாசிக்க, பியானோ மும்மூன்று ஸ்வரங்களாக மெல்ல ஓடும் பின்னணியால் அதைத் தாங்குகிறது. எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்பதற்கு அந்த கிளாரினெட் கலைஞரின் மூச்சே எல்லை கட்டுகிறது.

நிமிடக் கணக்கு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. 1962 ஏப்ரல் 6 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில், பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவைப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் வாசிக்கவிருந்தபோது, அவருடைய அணுகுமுறையில் தமக்கு உடன்பாடில்லை என்று கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் அவையிடமே முன்கூட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு, கூல்டின் விருப்பப்படியே நடத்தினார். வாசிப்பு ஏறக்குறைய 53 நிமிடம் நீடித்தது. மெதுவாக வாசித்ததே குற்றமென இன்றும் பேசப்படுகிறது. ஆனால் 1980களில் கிறிஸ்டியன் ஸிமர்மனோடு அதே பெர்ன்ஸ்டைன் செய்த பதிவும் கிட்டத்தட்ட அவ்வளவு நீளமே. கூல்ட் முதல் பகுதியின் வெவ்வேறு மெட்டுகளை ஏறத்தாழ ஒரே நடையில் கட்டிப் போட்டார். வழக்கமாக ஓங்கி முழங்கும் இடங்களையும் அடக்கியே வாசித்தார். கேட்டவர்களுக்கு நெருடியது நீளத்தைவிட இந்தச் சமநிலைதான் எனலாம்.

ஒவ்வொரு படைப்பிலும் ஓர் உச்சப் புள்ளி உண்டு, அதை நோக்கியே எல்லாவற்றையும் அளந்து வாசிக்க வேண்டும் என்று ராக்மனினாஃப் கருதியதாக எழுத்தாளர் மரியெட்டா ஷாகின்யான் பதிவு செய்திருக்கிறார். இரண்டாம் கான்செர்ட்டோவின் முதல் பகுதியில், தொடக்க மெட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் முழு வலிமையோடு திரும்ப, பியானோ அதன் மீது அணிவகுப்பு நடையில் கார்டுகளை முழக்கும் இடத்தை அந்தப் புள்ளியாகக் கொள்ளலாம். முன்னால் வரும் அழகான இடங்களிலெல்லாம் நின்று ரசிக்கும் கலைஞருக்கு இங்கே செலவழிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ராக்மனினாஃபின் பதிவில் அந்தச் சேமிப்பு தெளிவாகவே கேட்கிறது: மெட்டுக்குள் வேகத்தை நெகிழ்த்துகிறார், இறுக்குகிறார், ஆனால் அடிநடையை விட்டு அகல்வதில்லை. கடைசிப் பகுதியின் முடிவில், புகழ்பெற்ற இரண்டாம் மெட்டை முழு ஆர்க்கெஸ்ட்ராவும் எடுத்துப் பாடும்போதும் இதே வேறுபாடு தெரிகிறது. பலர் அங்கே வேகத்தை வெகுவாகக் குறைத்து அகலப்படுத்துகிறார்கள். ராக்மனினாஃப் அந்த மெட்டையும் நகர்த்திக்கொண்டே போய், முடிவை நோக்கிய கடைசிப் பாய்ச்சலோடு இணைத்துவிடுகிறார்.