வயலில் தூவிய வெள்ளைப் பொடி

அத்திப்பட்டு நிலையத்தில் இரயிலுக்காகக் காத்து நிற்கையில் அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் நம் கண்ணில் படுகின்றன. அப்புகையைக் கண்டு முகம் சுளிக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நெல் வயல்களிலிருந்தே காற்றில் ஏறிய நஞ்சு ஒன்று உண்டு. அதுதான் பி.எச்.சி. பொடி.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நாவாய்ப் பூச்சி வந்துவிட்டால், பத்து சதவீதப் பி.எச்.சி. பொடியை வயலில் தூவுவது அக்கால வழக்கம். விலை மலிவு; பலனும் உடனே தெரியும். உணவுப் பற்றாக்குறைக்கு அஞ்சிய நாடு அதை வரவேற்றதில் வியப்பில்லை. காலி டப்பாவைக் கழுவி விதை போட்டு வைத்த வீடுகளும் உண்டாம்!

பென்சீனும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் இப்பொருளை 1825-இல் முதன்முதலாகத் தயாரித்தவர் மைக்கேல் பாரடே. அது பூச்சிகளைக் கொல்லும் என்பது நூறாண்டு கழித்தே தெரிய வந்தது. பொடியில் ஆல்பா, பீட்டா, காமா எனப் பல வடிவங்கள் கலந்திருக்கும். பூச்சியைக் கொல்வது பெரும்பாலும் காமாதான். அதன் அளவோ 10 முதல் 15 சதவீதமே. அப்படியானால் மற்றதெல்லாம் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை! வீணாகவே நிலத்தில் விழுந்தது.

விழுந்தது எங்கே போயிற்று? 1980-களின் இறுதியில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து இதை ஆராய்ந்தனர். நெல் சாகுபடிக் காலத்தில் அங்குள்ள காற்றில் பி.எச்.சி. மிகுந்திருந்தது. வயலில் இட்டதில் வெள்ளாற்றின் வழியே கடலுக்குப் போனது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டனர். மற்றதெல்லாம் நம் நாட்டு வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலந்தது. வெப்ப நாடுகளில் எழும் இவ்வாவி குளிர்ந்த பகுதிகளில் படிகிறது. பயிரே விளையாத வடதுருவத்தில் வாழும் பனிக்கரடியின் கொழுப்பிலும் இப்பொருள் காணப்பட்டது என்றால் பாருங்கள்!

எல்லாமே பறந்துவிடவும் இல்லை. இது நீரில் கரையாது. கொழுப்பில் நன்கு கரையும். மாடு தின்னும் தீவனத்திலிருந்து பாலுக்கும் வெண்ணெய்க்கும் வருகிறது. அங்கிருந்து நம் உடலுக்கு வருகிறது. பீட்டா வடிவம்தான் மிகவும் பிடிவாதமானது. உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். தமிழ்நாட்டுத் தாய்மார்களின் பாலை அவ்விஞ்ஞானிகள் 1990-ஐ ஒட்டி ஆராய்ந்தபோது, அதில் பி.எச்.சி. கணிசமாக இருந்தது. தாய் அறியாமலே குழந்தைக்குப் புகட்டிய பங்கு அது. இதனால் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. அதன் நன்மையே பெரிதென்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இந்தியாவில் 1997 ஏப்ரல் முதல் பி.எச்.சி. தடை செய்யப்பட்டது. காமாவை மட்டும் பிரித்தெடுத்து விற்ற லிண்டேனுக்கு மேலும் பல ஆண்டுகள் இடமிருந்தது. 2015-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது.

பழைய வீட்டுப் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ அந்தப் பொடி இன்னும் ஒரு மூட்டை கிடக்கலாம். கண்டால் கையால் தொடவேண்டாம். எரிக்கவும் வேண்டாம், எரித்தால் அதனினும் கொடிய நஞ்சு கிளம்பும். கொசஸ்தலை ஆற்றிலோ ஏரியிலோ கொட்டாமல், வேளாண்மை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும்படி வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்வோம்.