ஈயத்தில் ஓடிய கையெழுத்து

தெற்குப் பிரான்சில் ரோன் பள்ளத்தாக்கு வழியே சீறி வரும் குளிர்காற்றுக்கு மிஸ்திரால் என்று பெயர். 1953இல் மார்செய் நகரின் ஒலீவ் அச்செழுத்து வார்ப்பகம் வெளியிட்ட ஓர் எழுத்துருவுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அதை உருவாக்கிய ரோஜே எக்ஸ்கோஃபோன், தன் கையெழுத்தையே மாதிரியாகக் கொண்டு வரைந்தார்.

அன்றைய அச்சகத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயக் கட்டை. கையெழுத்தோ பேனாவை எடுக்காமல் ஓடும். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. எதற்கு அடுத்து எதுவும் வரலாம் என்பதால், 676 இணைகள். அத்தனையும் இடைவெளி தெரியாமல் ஒட்ட வேண்டும். ரயில் பெட்டிகளின் கொக்கிகள் ஒரே உயரத்தில் இருப்பதுபோல, பெரும்பாலான எழுத்துகளின் கோடு கட்டையின் வலது விளிம்பில் எந்த உயரத்தில் முடிகிறதோ, அடுத்த எழுத்து அங்கேயே தொடங்கும்படி அவர் அமைத்தார்.

மிஸ்திராலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் ஓரங்கள் மழமழவென்று இல்லை. மை வற்றிய தூரிகை இழுத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். எழுத்துகளும் ஒரே வரிசையில் விறைத்து நிற்காமல் சற்றே ஏறி இறங்கும். அவசரத்தில் எழுதியதுபோல் தோன்றுவது இதனால்தான். உண்மையில் அளந்து அளந்து வரைந்த வேலை.

இப்படிப்பட்டவற்றைத் தலைப்பு எழுத்துரு என்பார்கள். நாலு சொல்லைக் கண்ணில் படும்படி சொல்வதே அவற்றின் வேலை. கடைப் பலகை, சுவரொட்டி, உணவகத்தின் மெனு அட்டை, பொட்டலத்தின் மேல் உள்ள பெயர் ஆகியவை இதற்குப் பொருந்தும். ‘டிரைவ்’ (2011) படத்தின் தொடக்கப் பெயர்கள் இளஞ்சிவப்பு நிற மிஸ்திராலில்தான் வந்தன. இதிலேயே ஒரு பத்தியை அச்சிட்டால், மூன்றாம் வரியில் கண் களைத்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் உள்ள பல கணினிகளில் மிஸ்திரால் இருக்கிறது. பயன்படுத்துவோர் செய்யும் தவறுகள் இரண்டு. முழுச் சொல்லையும் பேரெழுத்தில் அடிப்பது ஒன்று. பேரெழுத்துகள் ஒன்றோடொன்று இணைய வரையப்பட்டவை அல்ல. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது இன்னொன்று. ஒட்டுவதற்கென்றே வரைந்த கோடுகள் நடுவில் அறுந்து தொங்கும். முதல் எழுத்து மட்டும் பேரெழுத்து, மற்றவை சிற்றெழுத்து, அளவு பெரிது, சொற்கள் குறைவு: இவ்வளவைக் கவனித்தால் போதும், எழுத்து தானாக ஓடும்.