“ஞாயித்துக்கிழமை யாரோட சாப்பிட்டே?”

“சாப்டியாப்பா?” என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். “யாரோட சாப்பிட்டே?” என்று கேட்டால்தான் சிக்கல்.

கண்டரமாணிக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அப்பத்தா, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரனிடம் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்பார். பேரன் வேலை பார்ப்பது ஸ்பெயினில், மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டுமே பெயர் தெரிகிற ஒரு சின்ன ஊரில். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. சனியும் ஞாயிறும்தான் நீளம். ஞாயிறு அன்று கடைகளும் பெரும்பாலும் பூட்டியிருக்கும். காய்கறி வாங்கும் சாக்கில்கூட வெளியே போக முடியாது. “தனியாத்தான் அப்பத்தா” என்று அவன் சொன்ன வாரம், அவர் அதிகம் பேசவில்லை. போனை வைத்ததும் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “ஏன், அந்த ஊர்ல கிட்டங்கி இல்லையா?”

சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தால், சிரிக்க வேண்டிய கேள்வியே அல்ல அது.

கிட்டங்கி என்றால் கிடங்கு, அவ்வளவுதான். ஆனால், கொண்டு விற்கப் போன நகரத்தார் குடும்பங்களில் அந்த ஒரு சொல்லுக்குக் கடை, வீடு, மெஸ், ஊர்ச்சாவடி என்று எல்லா அர்த்தமும் உண்டு. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கில் பினாங்கு ஸ்ட்ரீட், ரங்கூனில் மொகல் ஸ்ட்ரீட் என்று போன இடமெல்லாம் நம்மவர்களுக்கு ஒரு தெரு இருந்தது. அந்தத் தெருவில், முன்பக்கம் குறுகி உள்ளே நீளமாக ஓடும் கட்டடங்கள். ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொன்றுக்கும் சில அடி இடம், ஒரு பாய், ஒரு சின்ன மேசை, ஒரு பெட்டி. பகலில் சம்மணம் போட்டு வட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். இரவில் அங்கேயோ மாடியிலோ பாய் விரித்துப் படுப்பார்கள். சமையல் பொதுவில் நடக்கும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலையில் படிநிலை உண்டு. ஆனால், தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பேச்சே இல்லை.

புதிதாகக் கப்பலில் வந்து இறங்கும் பையனிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. எந்த ஊர்? எந்தக் கோயில்? இளையாத்தங்குடியா, மாத்தூரா, வயிரவன்பட்டியா, பிள்ளையார்பட்டியா என்று ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சொன்னால் போதும். அவன் யாருக்குப் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதுவரை தெரிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் ஓர் ஆளை அறிமுகப்படுத்துகிற செயலி இன்னும் ப்ளே ஸ்டோருக்கு வரவில்லை.

சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போனால் பொதுவாக மூன்று வருஷம். அதுவரை மனைவி மக்கள் ஊரில். இவ்வளவு நீளமான பிரிவை வெறும் வேலையால் நிரப்ப முடியாது என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால், கடை போட்ட ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-ல் வந்தது. வியாபாரத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கியதால், கோயில் செலவுக்கு யாரும் உண்டியல் குலுக்க வேண்டியிருக்கவில்லை. நமக்குச் சனி, ஞாயிறு எப்படியோ, அவர்களுக்கு வெள்ளி, சஷ்டி, கார்த்திகை அப்படி. ரங்கூனில் மாதம் ஒருமுறை கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டி என்ன என்பதையே முடிவு செய்தார்கள். வியாபாரம் பேச வந்தவர்கள் சாமி கும்பிட்டார்கள், சாமி கும்பிட வந்தவர்கள் ஊர்க்கதை பேசினார்கள்.

தைப்பூசம் வந்தால் தெருவே திறந்துகொள்ளும். பினாங்கின் வெள்ளி ரதம் 1894-ல் இங்கிருந்து போனது. இன்றும் பூசத்துக்கு முதல் நாள், பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வாட்டர்ஃபால் ரோடு கோயிலுக்கு அந்த ரதம் போகிறது. வழியெங்கும் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள். சிங்கப்பூரில் அந்த முதல் நாளுக்குப் பெயரே செட்டிப் பூசம்.

இந்தப் பக்கம் கண்டரமாணிக்கத்தில்? பெண்கள் தனியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. வளவைச் சுற்றிப் புள்ளிக்கு ஓர் அறை, அடுப்பு தனி, முற்றம் பொது என்று வாழ்ந்த வீடுகள் அவை. ஒருத்தி வற்றல் காயப்போட்டால் நான்கு பேர் வந்து உட்காருவார்கள். ஆனால், அந்த முற்றத்தில் கணவன் மட்டும் இல்லை. வெளிநாட்டில் ஆண்கள் தனிமையில்லாமல் இருந்ததற்கான விலையில் பாதியை ஊரில் பெண்கள் கட்டினார்கள் என்பது என் கணக்கு. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு என்று இன்று செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும்போது, இந்த வரவு செலவை யாரும் காட்டுவதில்லை.

நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பு தெரிந்தவர்களுக்கு இது புரியும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 நூல் இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். கடலில் புயலில் சிக்கிய வணிகர்கள், நாளுக்கு ஓர் இழையாக வேட்டியிலிருந்து நூல் எடுத்து வைத்து, கரை சேர்ந்ததும் கும்பிட்டதாக அதற்கு ஒரு கதை உண்டு. பொழுதை எண்ணுவதற்கு நூலைத் தவிர எதுவும் இல்லாத நிலை! இப்போது வெளிநாட்டுப் பெருநகரங்களில் இருக்கும் நகரத்தார் ஒரே வீட்டிலோ மண்டபத்திலோ கூடி இழை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு நாலு குடும்பமாவது பக்கத்தில் வேண்டும். அந்தப் பேரன் இருக்கும் ஊரில் அவன் ஒருவன்தான்.

எல்லோருக்கும் கிட்டங்கி கிடைத்ததும் இல்லை. இதே சிவகங்கைச் சீமையில், சிங்கம்புணரியிலிருந்து 1938-ல் இந்தோனேசியாவின் மெடானுக்கு ஒரு கடையில் வேலை பார்க்கப் போனவர் ப.சிங்காரம். அப்போது வயது 18. மெடான், பினாங்கு வாழ்க்கையை, வேலை முடிந்த இளைஞர்கள் கூடிக் குடித்து, இலக்கியமும் அரசியலும் பேசித் தீர்த்த இரவுகளை, ‘புயலிலே ஒரு தோணி’யில் எழுதினார். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே பறிகொடுத்தவர். 1946-ல் திரும்பி வந்தவர், மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தபடி, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் பல பத்தாண்டுகள் ஒற்றை ஆளாக வாழ்ந்தார். 1997-ல் மறைந்தார். அத்தனை பேச்சு நிறைந்த ஒரு நாவலை எழுதியவர் அவர்.

கிட்டங்கியிலும் ஒரு குறை இருந்தது. சொல்லாமல் விட்டால் இது வெறும் பெருமைக் கட்டுரை ஆகிவிடும். உள்ளே கூட்டம், வாசலுக்கு வெளியே? பர்மாவில் 1930 வாக்கில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650. நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் நம்மவர்களிடம் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்குச் செட்டியார் என்றால் கடன் கொடுத்தவர், நிலத்தை எடுத்துக்கொண்டவர். சேர்ந்து சாப்பிட்டவர் அல்ல. ஜப்பான் குண்டு போட்ட பிறகு, 1942-ல் ரங்கூனிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த லட்சக்கணக்கான இந்தியர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. பின்னாளில் நிலமும் போனது, கடைகளும் போயின. வட்டியும் நிலமும் உண்டாக்கிய கசப்பை ஒரு பந்திச் சாப்பாடு ஆற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், பல பத்தாண்டுகள் ஒரு தேசத்தில் இருந்தும் அக்கம்பக்கத்தில் அதிகம் பழகாமலே இருந்துவிட்டோமோ என்று தோன்றாமல் இல்லை. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளும் 1970-களின் நகரச் சீரமைப்பில் மறைந்தன. அங்கே கோயில் நின்றது, ரதம் ஓடுகிறது.

சரி, ஸ்பெயினுக்கு வருவோம். அந்த நாட்டுக்கு இந்திய வணிகர்கள் புதிதல்ல. கேனரித் தீவுகளில் சிந்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். ஆனால், உள்நாட்டுச் சின்ன ஊர்களின் கதை வேறு. அங்கே பழகியவர்களைக்கூட வீட்டுக்கு அழைப்பது அபூர்வம். புதிதாகப் போகிற நம் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள். “ஆறு மாசமாச்சு, ஒருத்தர்கூட வீட்டுக்குக் கூப்பிடலை” என்று மனம் வெதும்புகிறார்கள். கூப்பிடாததற்குக் காரணம் வெறுப்பு இல்லை. அவர்களுடைய முகப்பும் பட்டாலையும் தெருவில் இருக்கின்றன, அவ்வளவுதான். ஊர் நடுவே ‘பிளாசா’ என்று ஒரு சதுக்கம் இருக்கும். நம்மூர் ஊரணிக்கரை மாதிரி. சாயங்காலம் நல்ல உடை உடுத்திக் குடும்பத்தோடு சும்மா நடந்துவிட்டு வருவதற்கே ‘பசேயோ’ என்று ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் இரவு வெகுநேரம் அங்கே பந்து விளையாடும். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான். சாப்பிட்டு முடித்ததும் எழுந்திருக்க மாட்டார்கள். மேசையிலேயே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள்; அதற்கு ‘சோப்ரமேசா’ என்று பெயர். பேச்சுக்கு இப்படித் தனிப் பெயர் வைத்திருப்பவர்களோடு ஒட்டுவது கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டு விஷயம் தேவைப்பட்டது, அந்தப் பேரனுக்கு. ஒன்று, ஸ்பானிய மொழி. ஆபீஸில் ஆங்கிலம் போதும், பிளாசாவில் போதாது. இன்னொன்று, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வாராவாரம் போய் உட்காருவது. முதல் மாதம் தலையசைப்பு. இரண்டாவது மாதம் பெயர் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மேசைப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு இவனையும் உட்காரச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீடியோ காலில் பெருமையாகச் சொன்னான்: “பார்ல சாப்பிட்டேன் அப்பத்தா.”

கண்டரமாணிக்கத்தில் மயான அமைதி. அந்த ஊரில் ‘பார்’ என்றால் காலையில் காபி, ரொட்டி, மதியம் சாப்பாடு, பாட்டிகள் சீட்டு விளையாடுவார்கள், குழந்தைகள் மேசைக்கடியில் ஓடும், நம்மூர் டீக்கடையும் மெஸ்ஸும் சேர்ந்த மாதிரி என்று அவன் விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. குளிர்காலம். அங்கே மதியம் 3 மணி, இங்கே இரவு 7.30. அப்பத்தா அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பார் விஷயம் அவருக்குத் திருப்தியானதா என்று முகத்தில் தெரியவில்லை. கடைசியில் கேட்டது வேறு.

“சேர்ந்து சாப்பிட்டியே, அவுகள்லாம் எந்தக் கோயில்?”

ஒவ்வொரு ஸ்பெயின் ஊருக்கும் காவலாக ஒரு புனிதர் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை அவர் சிலையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக ஊர்வலம் வருவார்கள். பேரன் அந்தப் பெயரைச் சொன்னான். அப்பத்தா இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். திருவிழா எந்த மாசம் என்று கேட்டார்.